ஆற்று மணலில் தங்கம் தேடலாமா? இந்தியச் சட்டம் சொல்வது என்ன?

புதுதில்லி: பத்து கிராம் தங்கத்தின் விலை ஒரு லட்சம் ரூபாயைக் கடந்துவிட்ட நிலையில், ஆற்றுப் படுகை மணலை அரித்துத் தங்கத் துகள் எடுக்கும் காணொலிகள் சமூக ஊடகங்களில் ஆர்வத்துடன் பார்க்கப்படுகின்றன. அவற்றுள் பல ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. விடுமுறை நாளில் ஒரு தட்டு, ஒரு மண்வெட்டி, சில வேளைகளில் ஒரு மெட்டல் டிடெக்டர் ஆகியவற்றுடன் புறப்படுவோர், கிடைத்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். ஜார்க்கண்டின் சுபர்ணரேகாவிலும் கேரளத்தின் சாலியாற்றிலும் தங்கத் துகள் கிடைப்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. அங்கும் அவ்வாறு செய்யலாமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது.

செய்ய முடியாது. பொழுதுபோக்காகத் தங்கம் தேடுபவர் என்ற வகையே இந்தியக் கனிமச் சட்டத்தில் இல்லை. வெட்டி எடுப்பதற்கு மட்டுமன்றி, தேடிப் பார்ப்பதற்கே உரிமம் தேவை. அந்த உரிமமோ ஒரு தனிமனிதர் தட்டும் கையுமாகச் சென்று பெறக்கூடியதாக வடிவமைக்கப்படவில்லை. வேடிக்கைக்காகச் செல்ல விரும்புவோருக்கு இதனால் இழப்பு ஒரு விடுமுறை நாள்தான். ஆனால், அதே ஆறுகளில் தலைமுறைகளாக மணல் அரித்துப் பிழைக்கும் குடும்பங்களும் இதே விதியின் கீழ்தான் வருகின்றன.

ஒரு கைப்பிடி மணல், இரண்டு சட்டங்கள்

மலைப் பாறைகளில் குவார்ட்ஸ் கல்லோடு கலந்து கிடக்கும் தங்கம், பாறை சிதையும்போது விடுபட்டு மழைநீரோடு ஆற்றில் சேர்கிறது. குவார்ட்ஸைக் காட்டிலும் தங்கத்தின் அடர்த்தி ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆகவே நீரின் வேகம் குறையும் வளைவின் உட்புறத்திலும், பெரும்பாறைகளின் பின்புறத்திலும் அது படிகிறது. தட்டில் மணலை இட்டு நீரில் சுழற்றினால் இலேசான மணல் வெளியேற, கனமான துகள் அடியில் தங்குவதும் இதே காரணத்தால்தான்.

அந்தத் தட்டில் இருக்கும் மணல் ஒரு சிறுகனிமம். அதை அள்ளுவதற்கான விதிகளை வகுக்கும் அதிகாரம், 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி மாநில அரசிடம் உள்ளது. அதே மணலில் மின்னும் துகள் பெருங்கனிமம். அது அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதற்கான விதிகளை மத்திய அரசே வகுக்கிறது. ஆக, ஒரு கைப்பிடி மணலுக்குள் இரண்டு வேறு சட்ட நிலைகள் அடங்கியுள்ளன. மாநில அரசு விரும்பினாலும், தன் ஆற்றில் தட்டு வைத்துத் தங்கம் அரிப்போருக்கென ஒரு தனி அனுமதிச் சீட்டைத் தன் விதிகளின் மூலம் உருவாக்கிவிட முடியாததற்குக் காரணம் இதுவே.

சட்டத்தின் 4ஆவது பிரிவு, உரிய உரிமமோ குத்தகையோ இன்றி எவரும் கனிமத்தைத் தேடவோ வெட்டி எடுக்கவோ கூடாது என்கிறது. தேடுதல் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம் மிகவும் விரிவானது. கனிமப் படிவைக் கண்டறியவோ, அது இருக்கும் இடத்தை அறியவோ, உறுதிப்படுத்தவோ மேற்கொள்ளப்படும் எந்தச் செயலும் அதில் அடங்கும். மண்ணைத் தோண்டாமல் மெட்டல் டிடெக்டரை மட்டும் வீசிப் பார்த்தேன் என்று சொல்பவருக்கும் இந்த வாசகம் வசதியானது அன்று. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம், இந்தியச் சுரங்கப் பணியகம், மாநிலக் கனிமத் துறைகள் போன்ற அரசு அமைப்புகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

மீறினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 21ஆவது பிரிவு வழிசெய்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கடுமையாக்கப்பட்ட தண்டனை இது. கருவிகளையும் வாகனத்தையும் பறிமுதல் செய்யலாம். எடுத்த கனிமத்தையோ அதன் விலையையோ திரும்பப் பெறலாம். விதிகளை மீறிக் கனிமத்தைக் கொண்டு செல்வதும் இருப்பு வைப்பதும்கூடக் குற்றமே. எனவே எடுத்தவரோடு வாங்கி வைத்தவரும் சிக்கலாம். ஆற்று மணலை அனுமதியின்றி எடுப்பதைக் கனிமச் சட்டத்தோடு சேர்த்துத் திருட்டுக் குற்றமாகவும் விசாரிக்கலாம் என்று தில்லி அரசு எதிர் சஞ்சய் வழக்கில் 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஹெக்டேர் கணக்கில் அபராதம் வகுத்தவர்களின் மனத்தில் இருந்தது பொக்லைன் இயந்திரமும் டிப்பர் லாரியும்தான் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. எனினும், சட்டத்தின் வாசகம் லாரிக்கும் மரத்தட்டுக்கும் வேறுபாடு பார்க்கவில்லை.

நிலம் சொந்தமாக இருந்தால்?

பட்டா நிலத்தில் கிடைக்கும் தங்கம் யாருக்கு என்பது பலரும் கேட்கும் கேள்வி. நிலத்தடியில் இருப்பவை அனைத்தும் அரசுக்கே சொந்தம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. கேரளத்தின் மலபார் பகுதியைச் சேர்ந்த ஜென்ம நிலங்கள் தொடர்பான திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் 2013ஆம் ஆண்டு ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு இவ்விஷயத்தில் முக்கியமானது. நிலத்தடிக் கனிமங்கள் எல்லாம் அரசுக்கு உரியவை என்று அறிவிக்கும் சட்டம் எதுவும் இல்லை. முறையான சட்ட நடவடிக்கையால் அந்த உரிமை பறிக்கப்படாதவரை, நிலத்தின் உரிமையாளருக்கே மண்ணுக்கடியில் உள்ளதும் உரியது என்று அத்தீர்ப்பு கூறியது.

இத்தீர்ப்பைப் படித்துவிட்டு மண்வெட்டியைத் தேடுபவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். உடைமை வேறு, எடுக்கும் அனுமதி வேறு. கனிமம் உரிமையாளருடையதாகவே இருந்தாலும், அதைத் தேடவும் எடுக்கவும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் பொருந்தும். தன் கிணற்றடியில் தங்கப் பாறை தென்பட்டாலும், உரிமமின்றி அதை உடைத்துத் தங்கம் பிரிக்க உழவருக்கு உரிமையில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. முறையான குத்தகை பெற்ற நிறுவனம், பிறருடைய நிலத்தில் நுழைந்து பணி செய்ய 24ஏ பிரிவு இடமளிக்கிறது. நிலத்தில் இருப்பவருக்கு இழப்பீடு வழங்க வேண்டும். நிலமற்றவர் உரிமம் பெற்றால் உள்ளே வரலாம். நிலம் உடையவர் உரிமம் இல்லையெனில் தோண்டக்கூடாது.

ஆற்றுப் படுகைக்கு இந்தக் குழப்பம் இல்லை. அது பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. கரையில் நடப்பதையும் குளிப்பதையும் எவரும் தடுப்பதில்லை என்பதால், மணலை அரிப்பதும் அதுபோன்ற பொது உரிமை என்று கருதிவிடக்கூடாது.

காட்டுக்குள் கூடுதல் தடை

இந்தியாவில் தங்கத் துகள் கிடைக்கும் ஆறுகள் பலவும் மலைக்காடுகளின் ஊடாகவோ அவற்றின் ஓரமாகவோ ஓடுகின்றன. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், காட்டில் கிடைக்கும் மேல்மண், பாறை, கனிமம் ஆகியவற்றையும் வனப்பொருள் என்றே வகைப்படுத்துகிறது. மரம் வெட்டினால் எப்படியோ, காப்புக்காட்டு ஓடையில் தங்கம் அரித்தாலும் அப்படியே. அது சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ இருந்தால், அனுமதியின்றி நுழைவதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மலப்புறம் மாவட்டத்தின் நிலம்பூரும், அதை அடுத்து மலைமேல் அமைந்த நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டாரங்களும் இதற்கு எடுத்துக்காட்டு. தேவாலாவைச் சுற்றி 1880ஆம் ஆண்டையொட்டி ஒரு தங்க வேட்டையே நடந்தது. லண்டனில் பல நிறுவனங்கள் பங்கு மூலதனம் திரட்டி இயந்திரங்களை அனுப்பின. எதிர்பார்த்த தங்கம் கிடைக்காமல் சில ஆண்டுகளிலேயே சரிந்தன. அவர்கள் விட்டுச் சென்ற சுரங்கக் குழிகள் இன்றும் உள்ளன. அப்பகுதியில் சட்டவிரோதமாகத் தங்கம் தேடுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படுவது செய்திகளில் அவ்வப்போது வருகிறது. மலையின் மறுபுறம் சாலியாற்றில் மரத்தட்டுடன் இறங்குபவரைவிட, மோட்டார் வைத்து மணலை உறிஞ்சி எடுப்போரே கரைக்கும் ஆற்றுக்கும் பெருந்தீங்கு செய்பவர்கள். தங்கத்தைத் திரட்டப் பாதரசம் பயன்படுத்தினால் தீங்கு மீன் வழியே மனிதர்களையும் வந்தடையும்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதற்கு முழுமையான தடை உள்ளது. கோட்டை மேட்டிலும் பழைய கோயில் வளாகத்திலும் மெட்டல் டிடெக்டருடன் அலைவது தங்க வேட்டை என்ற கணக்கிலேயே வராது. அது தொல்பொருள் கொள்ளை முயற்சியாகவே பார்க்கப்படும்.

பிழைப்புக்காக அரிப்போர்

சுபர்ணரேகா என்றால் பொற்கோடு என்று பொருள். ராஞ்சி அருகே தோன்றி ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா வழியாக வங்கக் கடலில் கலக்கும் இந்த ஆற்றிலும் அதன் துணையாறான கர்கரியிலும், வெள்ளம் வடிந்த பின் மரத்தட்டுகளுடன் பெண்கள் இறங்குவதைக் காணலாம். காலை முதல் மாலை வரை முதுகு வளைத்து அரித்தால் அரிசி மணியளவோ அதற்கும் சிறிதாகவோ சில துகள் கிடைக்கும். சில நாள்களில் எதுவும் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் ஆறு பெருகிவிட்டால் வேலை இல்லை. கிடைத்த துகளைச் சந்தை விலைக்கு விற்கும் வாய்ப்பும் அவர்களுக்கு அரிது. வீட்டு வாசலுக்கோ உள்ளூர்ச் சந்தைக்கோ வரும் வணிகர் சொல்வதே விலை.

சத்தீஸ்கரின் ஜஷ்பூர் பகுதியில் ஓடும் ஈப் ஆற்றிலும் இத்தொழில் உண்டு. பொன் அரிப்பதையே குலத்தொழிலாகக் கொண்டதால் சோன்ஜரா என்று அழைக்கப்படும் சமூகத்தினர் ஒடிசாவிலும் அதனை ஒட்டிய மாநிலங்களிலும் வாழ்கின்றனர். சமூகத்தின் பெயரிலேயே தொழில் இருக்கிறது. தொழிலுக்கான உரிமை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பழங்குடியினருக்கான சிறப்புச் சட்டங்கள் உதவாதா என்று கேட்கலாம். 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், அட்டவணைப் பகுதிகளில் கனிமக் குத்தகை வழங்குமுன் கிராம சபையின் பரிந்துரையைக் கேட்க வேண்டும் என்கிறது. ஆனால் அது சிறுகனிமங்களுக்கு மட்டுமே. தங்கம் அதில் சேராது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின் மீது உரிமை தருகிறது. தேன், மூங்கில், அரக்கு, பீடி இலை என நீளும் அப்பட்டியல் தாவர வழி வந்த பொருள்களை அடிப்படையாகக் கொண்டது. மண்ணிலிருந்து வரும் பொன்னுக்கு அங்கும் இடமில்லை.

முற்றிலும் கதவு அடைபட்டுவிட்டது என்றும் கூறிவிட முடியாது. நீர்நிலைகளின் மீனும் பிற விளைபொருள்களும், வேட்டை நீங்கலாக மரபாக அனுபவித்துவரும் பிற உரிமைகளும் அதே வன உரிமைச் சட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ளன. மணல் அரிப்பதும் அத்தகைய மரபுரிமையே என்று ஒரு கிராம சபை தீர்மானித்து உரிமை கோர இடமிருக்கிறது. ஆனால் அந்தக் கோரிக்கை, கனிமச் சட்டத்தின் 4ஆவது பிரிவோடு மோதியே ஆக வேண்டும்.

நடைமுறையில் மரத்தட்டுடன் ஆற்றில் நிற்கும் பெண் மீது வழக்குப் போட எந்த அதிகாரியும் அவசரப்படுவதில்லை. கண்டும் காணாமல் இருப்பதுதான் வழக்கம். அதிகாரியின் தயவில் நடக்கும் தொழிலுக்குக் கூட்டுறவுச் சங்கம் இல்லை, வங்கிக் கடன் இல்லை, நியாய விலை கேட்கும் தைரியமும் இல்லை. சட்டப்படி தான் விற்கும் பொருள் தன்னுடையது என்று சொல்ல முடியாதவர், வணிகரிடம் பேரம் பேசுவது எப்படி?

வைரத்துக்கு உள்ள வழி

தங்கத்துக்கு இல்லாத ஏற்பாடு வைரத்துக்கு உண்டு என்பது பலரும் அறியாதது. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில், 8 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட துண்டு நிலத்தில் வைரம் தேடத் தனிநபர்களுக்கு அனுமதி வழங்கப்படுகிறது. ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 200 ரூபாய். கூலித் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் இப்படித் துண்டு நிலம் பெற்று, சரளை மண்ணைத் தோண்டி, கழுவி, உலர்த்தி, கையால் பொறுக்குகின்றனர். கிடைக்கும் கல்லை அரசின் வைர அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அங்கு அது எடை போடப்பட்டு, ஏலம் விடப்பட்டு, ராயல்டியும் வரியும் பிடித்தம் செய்யப்பட்ட பின் மீதித் தொகை கண்டெடுத்தவருக்குச் சேர்கிறது. ஆண்டுக்கணக்கில் தோண்டியும் ஒன்றும் கிடைக்காதவர்களே அதிகம். எனினும் அவர்கள் குற்றவாளிகள் அல்லர்.

ஆந்திரப் பிரதேசத்தின் ராயலசீமாவில் நிலைமை வேறு. ஜொன்னகிரி, துக்கலி, வஜ்ரகரூர் வட்டாரங்களில் முதல் மழை பெய்து உழுத வயல்கள் கழுவப்பட்டதும், பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து தரையைக் கூர்ந்து நோக்கியபடி நடக்கின்றனர். இந்தியாவில் பொழுதுபோக்குக் கனிம வேட்டை என்று எதையேனும் குறிப்பிட வேண்டுமானால் அது இதுதான். விதைப்புக்குத் தயாரான வயல் மிதிபடுவதால் நில உரிமையாளர்கள் தடுப்பதும் உண்டு. கிடைக்கும் கல் அரசு அலுவலகத்துக்குச் செல்வதில்லை. தனியார் வணிகர்களிடம் ஓசையின்றிக் கைமாறுகிறது. ஒரே வகைக் கனிமத்துக்குப் பன்னாவில் ரசீது உண்டு. ராயலசீமாவில் வதந்தி மட்டுமே உண்டு.

பிற நாடுகளில்

காணொலிகளில் காணும் ஆஸ்திரேலியர்களும் நினைத்த இடத்தில் தோண்டிவிடுவதில்லை. விக்டோரியா மாநிலத்தில் சிறு கட்டணம் செலுத்தினால் பத்து ஆண்டுகள் செல்லும் அனுமதிச் சீட்டு கிடைக்கிறது. கைக்கருவி, தட்டு, மெட்டல் டிடெக்டர் ஆகியவற்றை மட்டுமே பயன்படுத்தலாம்; எடுத்த தங்கம் சீட்டு வைத்திருப்பவருக்கே சொந்தம். தனியார் நிலமானால் உரிமையாளரின் இசைவு வேண்டும். தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டவை. நியூசிலாந்து இன்னும் எளிய முறையைக் கையாள்கிறது. தென்தீவில் சில ஆற்றுப் பகுதிகளைப் பொதுமக்களுக்கென ஒதுக்கி, மோட்டார் இல்லாத கருவிகளுடன் எவரும் அனுமதியின்றியே அரிக்கலாம் என்று விட்டுவிட்டது. மாறாக, பிரிட்டனில் இயற்கைத் தங்கம் இன்றும் அரசுரிமை.

மக்கள் நெருக்கம், வறுமை, காடுகளின் நிலை ஆகியவற்றைப் பார்க்கும்போது விக்டோரியாவின் முறையை அப்படியே இங்கு கொண்டுவந்தால், சீட்டு வாங்கிய நகரவாசிகள் சுபர்ணரேகாவை நிரப்பிவிடக்கூடும். அங்கு ஏற்கெனவே அரித்துவரும் பெண்களுக்கு அது உதவாது. பன்னாவின் முறை, உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை என்ற திருத்தத்துடன், பொருத்தமாக இருக்கும் என்றே தோன்றுகிறது.

மத்திய அரசின் போக்கு

எந்தக் கனிமம் சிறுகனிமம் என்பது மாற்ற முடியாத ஒன்றன்று. 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரே அறிவிக்கையின் மூலம் 31 கனிமங்கள் சிறுகனிமங்களாக அறிவிக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவற்றுள் மைக்கா, குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், பாரைட்ஸ் ஆகிய நான்கும் மீண்டும் பெருங்கனிமங்களாயின. தங்கம் எந்தப் பட்டியலிலும் இடம் மாறவில்லை.

தங்கத்தைப் பொறுத்தவரை அரசின் கவனம் பெரிய முதலீட்டின் மீதே உள்ளது. 2001ஆம் ஆண்டு கோலார் தங்கவயல் மூடப்பட்ட பின், கர்நாடகத்தின் ஹட்டி சுரங்கமே நாட்டின் முதன்மையான தங்கச் சுரங்கமாக இருந்துவருகிறது. தேவையில் பெரும்பகுதி இறக்குமதியாகிறது. இந்நிலையை மாற்றும் நோக்கில், 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆழத்தில் கிடைக்கும் 29 கனிமங்களுக்குத் தேடல் உரிமம் என்ற புதிய வகையை உருவாக்கியது. அவற்றுள் தங்கமும் ஒன்று. அந்த உரிமமும் ஏலத்தின் மூலமே வழங்கப்படும். ஆழத்துளையிடும் இயந்திரங்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். முழங்கால் ஆழத்தில் நிற்பவருக்கு அன்று.

ஒரு வேடிக்கையான முரணும் இங்கே உண்டு. தங்கம் எங்கெங்கு இருக்கலாம் என்பதைக் காட்டும் அரசின் புவியியல் வரைபடங்களை, 2023ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கப்பட்ட தேசியப் புவிஅறிவியல் தரவுக் களஞ்சியத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். பார்ப்பதற்குத் தடையில்லை, சென்று தட்டைச் சுழற்றத்தான் தடை.

தற்செயலாகக் கிடைத்தால்

கனிமச் சட்டம் பேசுவது இயற்கையான தங்கத்தைப் பற்றி மட்டுமே. நகைக்கடைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அரித்துத் துகள் எடுப்போரின் தொழிலுக்கு அச்சட்டம் பொருந்தாது. பட்டறையிலிருந்து சிந்தியது கனிமம் அன்று.

வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது நாணயமோ நகையோ கிடைத்தால் அது வேறு சட்டம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கேரளம் 1968இல் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. மத்தியச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருள் மண்ணில் புதைந்து கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்ற அந்த வரம்பு 1878இலிருந்து உயர்த்தப்படவில்லை. ஆட்சியர் விசாரித்து, பொருளுக்கு வேறு உரிமையாளர் இல்லை என்று அறிவித்து, அரசு அதைத் தானே எடுத்துக்கொள்ளத் தீர்மானிக்காவிட்டால், கண்டெடுத்தவரும் நிலத்தின் உரிமையாளரும் பங்கிட்டுக்கொள்ளலாம். இருவருக்குமிடையே உடன்பாடு இல்லையெனில் நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நில உரிமையாளருக்கு. மறைத்தால் பங்கு அரசுக்குச் சேர்வதோடு ஓராண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.